அப்பாவைக் கொன்ற வாய்

என் அப்பாவை நான் கொன்றபோது என் வாய் நிறைய வறுத்த மொச்சைக்கொட்டை இருந்தது.

இடம், ஜவ்வாது மலையில் ஒடுகத்தூர்ப் பக்கமாக இருக்கும் ஒரு சின்ன ஊர். ஜமுனாமரத்தூர் சந்தைக்கு அங்கிருந்து அரை நாள் நடக்க வேண்டும். வெயில் ஏறி, பாறை சூடு பிடிக்கத் தொடங்கிய நேரம். சாமை அறுத்து முடித்த கொல்லையில், அந்தப் பாறைமேல் நான் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் ஏழெட்டுப் பிள்ளைகள். எனக்கு வயது ஒன்பது. மொச்சை முழுக்க என் மடியில். கதை சொல்கிறவளுக்குத்தான் மொச்சை என்பது, அந்த ஊருக்கு வந்த மறுநாளே நான் கொண்டுவந்திருந்த சட்டம்.

கதை என்ன? எல்லைக்கோட்டில் என் அப்பா நடத்திக்கொண்டிருந்த யுத்தம். எல்லாம் ஜோராகத்தான் போய்க்கொண்டிருந்தது, குப்பு வாயைத் திறக்கும்வரை.

குப்பு நான் தங்கியிருந்த வீட்டுப் பெண். என் வயதுதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஆனால் கணக்கில் புலி.

"ஒங்க நாயினா ஒரு நாளைக்கு நூறு பேர சுடுறாருன்னு சொன்ன இல்ல?" என்றாள்.

"ஆமா."

"சண்ட ஆரம்பிச்சி எத்தினி நாளாச்சி?"

"ஆறு நாளு."

"அப்போ அறுநூறு பேரு. அத்தினி பேரு செத்தும் இன்னாத்துக்கு இன்னும் சண்ட முடியல?"

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பயல் என் மடியில் இருந்த மொச்சையைப் பார்த்தான். எனக்கு மென்று விழுங்கும் நேரம்தான் கிடைத்தது.

"எப்பிடி முடியும்? எங்கப்பாதான் செத்துப் பூட்டாரே" என்றேன்.

யாரும் போலீசுக்கு எழுதிப் போட வேண்டாம். வாயால்தான் கொன்றேன். போன வாரம் இந்தத் தொடரில், என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டதை எழுதியிருந்தேன் அல்லவா? 'உங்களுக்கு இந்த வாய் எப்போதிலிருந்து?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பிறந்ததிலிருந்தேதான், அம்மா. ஆனால் அதைக் கண்டு நானே நடுங்கியது அந்த ஒரு தடவைதான்.

மிலிட்ரிக்காரர் மகள்

மலைக்குக் கீழே, ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெருவில் கல்லெறிந்தால் ஒரு மிலிட்ரிக்காரர் வீட்டு ஓட்டில்தான் விழும். அப்பாவும் மிலிட்ரிதான். வருஷத்துக்கு ஒருமுறை இரும்புப் பெட்டியோடு வருவார். பெட்டியைத் திறந்தால் கம்பளி வாசனையும் ரம் வாசனையும் கலந்து அடிக்கும். தெருவே எங்கள் வீட்டில் கூடும்.

ஒரே ஒரு குறை. அப்பா துப்பாக்கி பிடிக்கவில்லை, கரண்டி பிடித்தார். பட்டாளத்தில் சமையல்காரர். முந்நூறு பேருக்கு ரொட்டி சுடுவார். அவர் ஒரு நாளைக்கு நூறு சுட்டார் என்று நான் சொன்னது அந்த வகையில் கொஞ்சம் அடக்கமான பொய்தான்.

எழுபதுகள் பிறந்த புதிது. பாகிஸ்தானோடு சண்டை வந்துவிட்டது என்று டீக்கடை ரேடியோ சொன்னது. எங்கள் தலைமையாசிரியர் சண்டையைத் தனியாளாகச் சந்திக்கத் தயாரானார். பள்ளிக்கூடத்து மைதானத்தில் எங்களை வைத்தே பதுங்குகுழி வெட்டினார். மணி அடித்தால் காதில் பஞ்சு, பல்லுக்கிடையில் பென்சில், குழிக்குள் குப்புறப் படுக்க வேண்டும். நான் பயத்தில் பென்சிலைக் கடித்துத் துப்பிவிட்டேன். வீட்டில் அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. கடைசிவரை அந்தக் குழியில் உண்மையாக விழுந்தது ஒரு கன்றுக்குட்டி மட்டும்தான்.

விளையாட்டெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. மிலிட்ரி வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் அந்த நாட்களில் வேறு ஒன்றும் கற்றுக்கொண்டோம். தெருமுனையில் தபால்காரர் திரும்பினால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டோம், கையைப் பார்ப்போம். கடிதம் என்றால் நல்லது. ஒன்றும் இல்லையென்றாலும் பரவாயில்லை. தந்தி மட்டும் கூடாது. எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

அப்போதுதான் வேலூர்க் கோட்டையின் மேல் பாகிஸ்தான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அங்கே போடுகிறவன் குறி தவறினால் நம் தெருவில்தான் விழும் என்று டீக்கடையில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மறுநாளே அம்மா என்னை மலைக்கு அனுப்பிவிட்டாள். குண்டுக்குப் பயந்து அனுப்பினாள் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தினமும் தபால்காரருக்கு எதிரே ஓடியதை அவளால் பார்க்க முடியவில்லை. அதுதான் காரணம் என்று பிறகு சொன்னாள்.

மலை மாமா

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மலையிலிருந்து கோவிந்தன் என்பவர் புளியும் சாமையும் கொண்டு ஒடுகத்தூர் சந்தைக்கு வருவார். ஒருமுறை காய்ச்சலில் எங்கள் வாசலில் சுருண்டு விழுந்துவிட்டார். அம்மா எட்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தாள். எழுந்தவர், "இன்னிலேருந்து நீ என் தங்கச்சி" என்றார்.

பலரும் பேச்சுக்குச் சொல்வார்கள். அவர் பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த வருஷத்திலிருந்து பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் என்று சாமை, தேன், ஒரு புடவை எல்லாம் தலையில் சுமந்துகொண்டு மலையிலிருந்து இறங்கி வருவார். நாங்கள் ஜாதியில் வேறு, ஊரில் வேறு. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு அவர் மலை மாமா. குப்பு அவர் மகள்.

அந்த ஊருக்குப் போனதும் நான் கண்டுகொண்ட கசப்பான உண்மை, அங்கே யாரும் துப்பாக்கிக்கு மயங்க மாட்டார்கள் என்பது. பாதி வீட்டில் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. பன்றி சுடுவார்கள். அப்பா ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று சொன்னபோது ஒரு பயல் கொட்டாவி விட்டான். அதனால்தான் பீரங்கிக்குப் போனேன். பீரங்கியிலிருந்து டாங்கிக்கு. அதன் பிறகுதான் அந்த நூறு.

துக்கத்தில் ஏறிய எடை

நான் சொன்னதைக் குப்பு அப்படியே நம்பிவிட்டாள். கண் கலங்கியது. தன் பங்கு நெல்லிக்காயை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து வீட்டுக்கு ஓடினாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நெல்லிக்காயைக் கடித்தேன்.

அன்று முதல் எனக்கு ராஜ மரியாதை. அத்தை எனக்கு மட்டும் முட்டை அவித்துக் கொடுத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து தேன் வந்தது. குப்பு குடத்தைத் தூக்கினால் கூடத் தூக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. நாலு நாள். நன்றாகத் தின்று, வெயிலில் புரண்டு, கன்னம் உப்பிப்போனேன். அப்பா செத்து மகள் எடை கூடிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஒரு ஆள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அங்கேதான் நான் ஏமாந்தேன். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசக் கூடாது, சோறு போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பேச வேண்டியதை எனக்குப் பின்னால் பேசி முடித்திருக்கிறார்கள்.

மாமாவுக்குச் சந்தேகமே வரவில்லை. "தங்கச்சிக்கு எங்கிட்ட சொல்ல வாய் வர்ல. அதான் புள்ளய அனுப்பி வச்சிக்கீது. புள்ள மூலியமா தெரிஞ்சிக்கட்டும்னு" என்று அத்தையிடம் சொல்லி அழுதாராம். சமையல்காரர்தானே என்று அத்தை கேட்டதற்கு, "சமைக்கறவன்னா குண்டு வெலகிப் போவுமா?" என்றாராம். ஜமுனாமரத்தூர் சந்தைக்குத் துணி வாங்க ஆள் அனுப்பினார்.

பிறந்த வீட்டுக் கோடி

ஐந்தாம் நாள் காலையில் எழுந்தால் ஊரில் ஒரு ஆண்பிள்ளை இல்லை.

"எல்லாரும் எங்க?" என்று குப்புவைக் கேட்டேன்.

"ஒங்க வூட்டுக்குத்தான். நாயினா கோடி எட்துகினு போயிருக்குது. மோளம்லாம் போச்சி."

எங்கள் பக்கத்தில் புருஷன் செத்தால் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன்தான் கோடித்துணி கொண்டுவர வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி விழுந்துவிட்டால் அவள் தாலி இறங்கப் போகிறது என்று பொருள். ஒன்பது வயதில் எனக்கு வாய்ப்பாடு தெரியாது, இது தெரியும்.

ஓடினேன். மூன்று மணி நேரத்து இறக்கம் அது. முள்ளில் பாவாடை கிழிந்தது, சறுக்கில் முட்டி தேய்ந்தது. குப்பு பின்னாலேயே ஓடி வந்தாள். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது அவளிடம் சொன்னேன், "குப்பு, பொய்டி. நான் சும்மா சொன்னேன்." அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். பிறகு எனக்கு முன்னால் ஓடத் தொடங்கினாள்.

ஏரிக்கரைக்கு வந்தபோதே மேளம் கேட்டது. எங்கள் தெருவில் கேட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள், கையில் அரிசி புடைத்த முறம். எதிரே தட்டில் கோடித்துணி, பக்கத்தில் ஒரு மூட்டை சாமை. மாமா மண்ணில் உட்கார்ந்து, "நான் கீறேன் தங்கச்சி, நான் கீறேன்" என்று அழுதுகொண்டிருந்தார். தெருப் பெண்கள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா மட்டும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்! நான்தான் பொய் சொன்னேன்! அப்பா சாவல!" என்று கத்தினேன்.

மேளம் நின்றது. எதிர்வீட்டு அக்கா என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "அய்யோ, புள்ள மனசு ஏத்துக்கலியே!" என்று இன்னும் ஒரு கட்டை ஏற்றி அழுதாள். என் ஆயுளில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் நம்பினார்கள். உண்மை சொன்ன அன்றைக்கு ஒருத்தர் நம்பவில்லை.

"யாரு சொன்னது?"

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் குந்தினாள்.

"மல்லி, உனுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. நானா சொன்னேன்."

"மெரட்னாங்களா? சொல்லக்கூடாதுன்னாங்களா? யாரு சொன்னது?"

"மொச்சைக்காக சொன்னேம்மா."

இந்தப் பதிலை எந்தத் தாய்தான் நம்புவாள்? அவள் திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். கடைசியில் எழுந்து, மாமாவைப் பார்த்து, "தந்தி வர்ல அண்ணே. தந்தி வராம நான் எதையும் தொடமாட்டேன்" என்றாள். பொட்டைக் கலைக்கவில்லை. கோடியைத் தொடவில்லை. உள்ளே போய்ப் புடைத்த அரிசியை உலையில் போட்டாள்.

மாமா நிலைமைதான் மோசம். நான் சொன்னது மெய்யென்றால் அவர் தங்கை விதவை. பொய்யென்றால் உயிரோடு இருக்கிற மாப்பிள்ளைக்குக் கோடி கொண்டுவந்த பாவி அவர். கூட வந்தவர்களையும் குப்புவையும் மலைக்கு அனுப்பிவிட்டு, "ரெண்டுல ஒண்ணு தெரியாம ஏற மாட்டேன்" என்று எங்கள் முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். கோடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. டீக்கடைப் பன்னும் தண்ணீரும்தான்.

எனக்கு அடி விழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சாதாரண நாளில் ஒரு டம்ளரைக் கவிழ்த்தால் முதுகில் விழும். இப்போது வேண்டுமென்றே பானையை உடைத்தேன். அம்மா ஓட்டைப் பொறுக்கிப் போட்டுவிட்டு என் தலையைத் தடவினாள். எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்தேன். தடவினாள். தகப்பன் இல்லாத பிள்ளையை அடிக்க யாருக்குக் கை வரும்?

ஒரு மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "கனா கினா கண்டியா, மல்லி? அப்பா வந்து எதுனா சொன்னாரா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் மாட்டிக்கொண்ட பயம். இது வேறு. ஒருவேளை அப்பா செத்திருப்பாரோ? நான் சொன்னதால் செத்திருப்பாரோ? ஊரில் இருந்த எல்லாச் சாமிக்கும் மொட்டை வேண்டிக்கொண்டேன். அத்தனை மொட்டையும் போட்டிருந்தால் எனக்குக் கல்யாணமே நடந்திருக்காது, போன வாரம் நான் எழுதிய கதையும் இருந்திருக்காது.

தந்தி

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. டீக்கடையில் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் குழியை எங்களை வைத்தே மூடினார்கள். எங்கள் வீட்டில் யாரும் மிட்டாய் தின்னவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் தந்திக்காரர் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினார்.

அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். மாமா எழுந்து நின்றார். நான் அந்தச் சைக்கிளின் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கள் வாசலுக்கு வந்தது, எங்கள் வாசலைத் தாண்டியது, நாலு வீடு தள்ளிப் போய் நின்றது. விஜயா வீடு. என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள்.

இந்தத் தொடரில் என்னைப் பற்றி நானே சிரித்து எழுதிக்கொண்டு வருகிறேன். இதை மட்டும் சிரிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சைக்கிள் விஜயா வீட்டில் நின்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லவேளை, அவள் அப்பா. அப்படித்தான் நினைத்தேன். அந்த வீட்டிலிருந்து அலறல் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தது.

விஜயா அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் பேசவில்லை. ஊரெல்லாம் கேட்டும் பேசவில்லை. நான் என் பென்சிலை அவளுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், ஏன் என்று கேட்கவில்லை.

உருளைக்கிழங்கு

கடிதம் வந்தது அந்தத் தந்திக்கு இரண்டு நாள் கழித்து. அப்பாவின் கோணல் எழுத்தை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். வழக்கமாகக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது நான்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆசையாகக் கை நீட்டினேன்.

"நீ படிக்காத" என்றாள் அம்மா. "நீங்க படிங்க அண்ணே" என்று தபால்காரரிடமே கொடுத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலில் நின்று படித்தார். நலம், நலமறிய அவா. இங்கே குளிர் தாங்கவில்லை. கடிதம் போட வழியில்லாமல் போய்விட்டது. மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரித்து விரலெல்லாம் வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய்கூடக் கிடைக்கவில்லை. மல்லிகா ஒழுங்காகப் படிக்கிறாளா? அவளை வாயைக் குறைக்கச் சொல்லவும்.

"தேதி பாருங்க" என்றாள் அம்மா.

"சண்ட முடிஞ்ச மறுநாள் எழுதினதும்மா."

"இன்னொருக்கா பாருங்க."

பார்த்தார். சொன்னார். மூன்றாவது முறையும் முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். உருளைக்கிழங்கு வந்த இடத்தில் மாமா முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு மடியிலிருந்த கோடியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், ஏரிப் பக்கம் வேகமாக நடந்தார். திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. "சோறு போடு தங்கச்சி" என்றார்.

அம்மா சோறு போடப் போகவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

முதல் அறையில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அடுத்தது முதுகில். பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தெரு பார்க்க, தபால்காரர் தடுக்கத் தடுக்க அடித்தாள். அடிக்கு ஒரு கேள்வி.

"பொய்தானடி சொன்ன?"

"பொய்தாம்மா!"

"பொய்தான?"

"பொய்தாம்மா!"

அவள் அழுதுகொண்டே அடித்தாள். நான் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டேன். அவள் கை சோர்ந்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "பொய்தான, பொய்தான" என்று முனகத் தொடங்கிய பிறகும் நான் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்போதுதான் அது பொய் என்று நம்பிக்கை வந்தது.